முன்வாசலில் வெள்ளைச் சட்டை

நாகப்பட்டினத்துப் பாசஞ்சர் அன்றைக்கு நாற்பது நிமிஷம் தாமதம். அந்த நாற்பது நிமிஷம் மட்டும் இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது என்று மேலப்புதூரில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. ரயில் மேல் பழியைப் போட்டால் சௌகரியம்தானே... அது திரும்பிச் சண்டைக்கு வராது.

அக்னஸ் டீச்சர் திருச்சி ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. வீட்டில் இருபத்துமூன்று என்று சொல்வார்கள், அதை விட்டுவிடுவோம். பினாங்கிலிருந்து கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கிய தாய்மாமன் ஸ்தனிஸ்லாஸையும் அவர் மனைவி ரோசரி அத்தையையும் அழைத்துப் போக வந்திருந்தாள். உடம்பில் மடிப்புக் கலையாத வெள்ளை 'வாயில்' துணிப் புடவை. மாமனை அழைக்க வாயில் புடவை எதற்கு என்று கேட்பீர்கள். ரோசரி அத்தையின் அக்காள் மகன் பினாங்கில் ரப்பர் கம்பெனி கிளார்க். அவனுக்குப் பெண் தேடுகிறார்கள். அத்தையின் கண்ணில் முதலில் படப்போவது அந்தப் புடவைதான் என்று, அக்னஸின் தாய் இருதயமேரி அம்மாள் காலையிலிருந்து மூன்று முறை இஸ்திரி போட வைத்திருந்தாள்.

ரயில் வந்தது. ஜனம் இறங்கியது. அக்னஸ் எட்டிப் பார்த்தாள்... ஜில்லென்று தோளில் ஏதோ சொட்டியது. இன்னொரு சொட்டு. பிறகு ஒரு குட்டி அருவி.

திரும்பினாள். தலையில் பெரிய ஓலைக்கூடையோடு ஒருவன். கூடைக்குள் ஐஸும் உமியும். அதற்குள், நாளை வெள்ளிக்கிழமை மேலப்புதூர் முழுக்கச் சாப்பிடப்போகிற மீன். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கத்தோலிக்க வேதக்காரர் வீட்டில் கறி கிடையாது, மீன் உண்டு. வியாழன்தோறும் சாயங்காலம் கடல் இந்த ரயிலேறித்தான் திருச்சிக்கு வரும்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதுங்க. தெரிஞ்சதுனாலதான் கூடை ஆடிப்போச்சு."

என்ன திமிர்! அக்னஸுக்குக் காது சிவந்தது. அவன் கண்கள்... வெயிலையும் உப்பையும் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண்கள். ஆனால் ஓரத்தில் சிரிப்பு அலையடித்துக்கொண்டே இருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"இதுக்கு மேல ஒரு வார்த்த பேசினீங்கன்னா ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவரு வீட்டுக்கும் நான்தான் மீனு குடுக்கறேன்."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரிய சிரிப்பு. ஸ்தனிஸ்லாஸ் மாமா! தொப்பி, கழுத்தில் காமிரா, கையில் உறை போட்ட நீளமான தூண்டில் கோல். "அக்னஸ், இவனைத் தெரியுமா? சவரிராயன். தஞ்சாவூர்ல வண்டி நாப்பது நிமிஷம் நின்னுடுச்சு, அங்க காபி குடிக்கறப்ப புடிச்சேன். கடல்ல எங்க எந்த மீன் நிக்கும்னு இவனுக்கு அத்துபடி. அடுத்த சனிக்கிழமை நம்மளைத் தோணியில கூட்டிக்கிட்டுப் போறேன்னிருக்கான்!"

ரோசரி அத்தை கிட்டே வந்தாள். அக்னஸின் புடவையை மோந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

மாமாவுக்கு மீன் பிடிப்பு ஒரு பைத்தியம். அடுத்த சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. இடையில் ஒருநாள் ஸ்ரீரங்கம் போய், வடக்கே கொள்ளிடக் கரையில் கோலை வீசினார். எந்தத் துறையில்? கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கிற துறையில். எந்த மாதத்தில்? புரட்டாசியில். அக்னஸோடு ஸ்கூலில் வேலை பார்க்கிற ரங்கநாயகியின் தகப்பனார் ஸ்நானம் பண்ண வந்தவர், ஈரத் துண்டோடு அலறிவிட்டார். "பெருமாள் திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொண்டுபோற எடத்துல புழு கோத்துப் போடறேளே, ஓய்! மனுஷ ஜன்மந்தானா நீர்?" மாமா தொப்பியைக் கழற்றி, "ஸாரி சார்" என்றார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ரங்கநாயகி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "அப்பா இன்னும் கோபத்துல உபவாசம் இருக்கார்டி. ஒங்க மாமாவைக் கடலுக்கே அழைச்சுண்டு போயிடு!"

அழைத்துக்கொண்டு போனார்கள். வேளாங்கண்ணியில் பூசை பார்த்து மெழுகுதிரி ஏற்றிவிட்டு, தெற்கே ஆறு கடலில் விழுகிற கழிமுகத்துக்கு வந்தார்கள். சவரிராயன் தோணியோடு தயாராக நின்றான். இருதயமேரி அம்மாள் தண்ணீரைப் பார்த்ததும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொம்பளைங்க தோணியில ஏறலாமா?" என்று அக்னஸ் கேட்டாள்.

"கடலுக்குள்ள ஏத்த மாட்டோம். முகத்துவாரம் தாண்டாம இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. ஏறுங்க டீச்சர்... இன்னிக்கு உங்க மேல தண்ணி சொட்டாம பாத்துக்கறேன்."

சொட்டியது. ஆனால் வானத்திலிருந்து. மெல்லிய தூறல். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு கோடு ஓடியது. மழை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக நடந்து வந்தது. அக்னஸின் இமையில் ஒரு துளி நின்றது. சவரிராயன் துடுப்பை வைத்துக்கொண்டு அந்தத் துளி விழுகிறதா, விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்...

மாமாவின் பினாங்குக் கோல் இரண்டு வீச்சில் சிக்காகிவிட்டது. அவர் சிக்கெடுக்க உட்கார்ந்தார். சவரிராயன் வெறும் தூண்டில் கயிறு ஒன்றில் இரைக்கு உயிருள்ள சின்ன மடவை மீனைக் கோத்து, அக்னஸ் கையில் கொடுத்தான்.

"ஆள்காட்டி விரல் மேல கயிறு ஓடணும். மீன் தொட்டதும் இழுத்துடாதீங்க. அது வாயில வச்சுப் பாக்கும். முழுங்கட்டும்னு விடணும். பயந்துக்கிட்டு வெடுக்குனு இழுத்தா போயிடும்."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"தெரியுது. கை நடுங்குது பாருங்க."

"அது குளிரு!"

"சரிங்க, குளிரு."

 கடல் ஏறி ஆற்றுக்குள் வருகிற சலசலப்பு மட்டும். பிறகு அவன் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்: "வியாழக்கிழமை உங்க தெருவுக்குத்தான் வரேன். அம்மா கொல்லைக் கதவுலேயே மீனை வாங்கிக்கிட்டு அனுப்பிடுறாங்க. முன்வாசல் எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல. எங்களையெல்லாம் அந்தப் பக்கம் விடுவாங்களா டீச்சர்?"

அக்னஸ் சிரித்தாள். மழை, அந்தக் கண், அந்த நேரம்... வாய் தானாகப் பேசியது. "கூடை இல்லாம, நல்லா ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா யாரு தடுக்கப் போறா?"

"யாரும் தடுக்க மாட்டாங்களா?"

"வந்து பாருங்களேன்."

அப்போதுதான் கயிறு விரலைத் தொட்டது. அவள் பொறுத்தாள். கயிறு ஓடியது. "இப்ப!" என்றான். இழுத்தாள்... கை அறுந்துவிடும்போல் இருந்தது. அவன் பின்னாலிருந்து அவள் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்துப் பிடித்தான். தண்ணீருக்கு மேல் வெள்ளி மாதிரி துள்ளிய கொடுவா மீன், தோணிக்குள் விழுந்தபோது கைக்குழந்தை அளவுக்கு இருந்தது.

"குடு, குடு!" என்று மாமா மீனைப் பறித்தார். "ரோசரி, போட்டோ எடு! நான் புடிச்ச மாதிரி எடு!" மீனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றார். பின்னால் அந்த இருவரும் இன்னும் கயிற்றை விடவில்லை. விட வேண்டுமென்று ஞாபகமே வரவில்லை. தோணியின் மறுமுனையிலிருந்து ரோசரி அத்தை காமிராவை அமுக்கினாள்.

அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமைகளைப் பற்றித் தெருவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு ராத்தல் மீன் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அக்னஸ் டீச்சருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கொல்லைக் கதவுக்கு வெளியே அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். உள்ளே அவள் சட்டியோடு நிற்பாள்.

"இது என்ன, போன வாரத்தைவிடச் சின்னதா இருக்கு?"

"பெருசு கடல்லேயே இருக்குங்க. வந்து புடிச்சுத் தாங்களேன்."

"எதுக்கு இப்படிப் பாக்கறீங்க?"

"தராசைப் பாக்கறேங்க."

"தராசு அந்தப் பக்கம் இருக்கு."

"அட, ஆமா..."

இந்தப் பேச்சை வெள்ளையம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு, தெருவுக்கு விநியோகித்துவிட்டாள். இருதயமேரி அம்மாள் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை. எட்டியிருக்கலாம். எட்டாத மாதிரி இருப்பதில் சில தாய்மார்கள் கெட்டிக்காரிகள். மகளிடம் அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "அத்தை வீட்டு சம்பந்தம் கூடி வர்ற மாதிரி இருக்கு. கை நழுவிடாம பாத்துக்க. உனக்கு இது மூணாவது இடம், ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. முதல் இரண்டு இடங்கள் வந்து, காபி குடித்து, வடையைப் பாராட்டி, காணாமல் போனவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, கூடப் படித்தவர்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்று, "இன்னும் ஒண்ணும் அமையலியா அக்னஸ்?" என்று கேட்கும் அந்தக் குரல்... அந்தக் குரலுக்காகவே பினாங்குக்கு ஓடிவிடலாம்போல் இருக்கும் அவளுக்கு.

புத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் தாயார், ரோசரி அத்தையின் அக்காள், பெண் பார்க்க வந்தாள். கூட இரண்டு பெண்மணிகள். வியாழக்கிழமை, சாயங்காலம். நாள் குறித்தது ரோசரி அத்தை. மறுநாள் சுத்தபோசனம் என்பதால் இன்றைக்கே கோழி அடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

எல்லாம் நன்றாகவே போயிற்று. புத்தூர் அம்மாள் இரண்டாம் முறை முறுக்கு எடுத்துக்கொண்டாள். அது நல்ல சகுனம். ஸ்தனிஸ்லாஸ் மாமாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டுடியோவில் கழுவி வந்த போட்டோவை எடுத்து நீட்டினார். "பாத்தீங்களா, நான் புடிச்ச கொடுவா! தனி ஆளா இழுத்தேன்!"

புத்தூர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மீனைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் வேறு எதையோ பார்த்தாள்.

"பின்னால பொண்ணுகூட நிக்கிறாரே... இவரு யாரு?"

 அந்த நேரம் பார்த்து முன்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தே இருந்த கதவு.

வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டு, மடிப்பு விறைப்பாக நின்றது. தலை படிய வாரி, கையில் கூடை இல்லாமல், ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த தட்டோடு சவரிராயன் நின்றான். அவனுக்குப் பின்னால் தூரத்தில், கூச்சத்தோடு ஒரு கிழவர், அவன் சித்தப்பா. அந்தச் சட்டை அவனுக்குத் தோளில் கொஞ்சம் இறுக்கம்.

புத்தூர் அம்மாள் போட்டோவைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி போட்டோவை. இருதயமேரி அம்மாளின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

சவரிராயன் யாரையும் பார்க்கவில்லை. அக்னஸை மட்டும் பார்த்தான். சிரித்தான். பார்த்தீங்களா, வந்துட்டேன்... என்கிற சிரிப்பு.

அக்னஸ் எழுந்தாள். குரல் துளியும் நடுங்கவில்லை. வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல்.

"மீன்காரரும்மா. வியாழக்கிழமை இல்லியா, நாளைக்கு மீனுக்காக வந்திருக்காரு. பின்பக்கமா வரச் சொல்லுங்க."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் கொடுமை. போவதற்கு வழி தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு தட்டை மெதுவாகப் பக்கவாட்டில் இறக்கினான்.

"இன்னிக்கு மீன் இல்லீங்கம்மா," என்றான் இருதயமேரி அம்மாளிடம். "அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

போய்விட்டான். கிழவர் பின்னாலேயே ஓடினார். மூன்று வீடு தள்ளி அவன் வாழைப்பழத்தை ஒரு மாட்டுக்குக் கொடுத்ததை வெள்ளையம்மாள் பார்த்தாள்.

புத்தூர் அம்மாள் கோழியைச் சாப்பிட்டுவிட்டு, "லெட்டர் போடறோம்" என்று சொல்லிப் போனாள். லெட்டர் வரவில்லை. போட்டோவைத் திருப்பித் தரவும் இல்லை. பினாங்குக் கிளார்க்குக்குத் தஞ்சாவூரில் பெண் பார்த்து, தை மாதத்துக்குள் கல்யாணமும் முடிந்துவிட்டது. கப்பலேறும்போது மாமா மட்டும் அக்னஸின் தலையைத் தடவி, "அந்த மீனை நீதான் புடிச்சேன்னு சொல்லியிருக்கணும்மா" என்று கண் கலங்கினார். பாவம், மீனைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் புரியவில்லை.

தெருவுக்கு வியாழக்கிழமைகளில் சித்தப்பாக் கிழவர்தான் மீன் கொண்டுவந்தார். அந்த ஒரு வீட்டுக் கொல்லைக் கதவை மட்டும் தட்டாமல் தாண்டிப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கத்தரிக்காய்.

தெரு என்ன சொல்லிற்று தெரியுமா? "பாவம் அந்தப் பொண்ணு. வியாழக்கிழமைன்னா மீன்னு பழகின வாய்... தெரியாம சொல்லிட்டா. அதுக்குப் போயி அவன் இவ்வளவு ரோஷப்படணுமா?" என்றது. அக்னஸ் அதைக் கேட்பாள். மறுத்துப் பேச மாட்டாள். ஒரே ஒருமுறை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, "ஒரு பொய் சொல்லிட்டேன் சாமி" என்றாள். யாருக்காவது நஷ்டமா என்று சாமியார் கேட்டார். என்ன பதில் சொல்வது? மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். மூன்று மந்திரத்தில் தீருகிற விஷயமா அது?

மறு வருஷம், அதே புரட்டாசி. ஜங்ஷனில் நல்ல மழை. மதராஸுக்கு மாற்றலாகிப் போகிற ரங்கநாயகியை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய அக்னஸ், பிளாட்பாரத்துக் கொட்டகைக்குக் கீழே அவனைப் பார்த்தாள். நாகப்பட்டினம் ரயிலுக்குக் காத்திருந்தான். அதே வெள்ளைச் சட்டை. மழையில் நனைந்து உடம்போடு ஒட்டி, இப்போது அளவாக இருந்தது.

ஓடிவிடலாமா? அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

"டீச்சர்..." என்றான். "நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். கூடை எங்க?"

"இன்னிக்கு மீன் இல்லீங்க."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. இருவரும் மழையைப் பார்த்தார்கள். அவன் மடியில் பெரிய கடைவீதி ஜவுளிக்கடையின் பொட்டலம். காகித ஓரத்தில் ஜரிகை எட்டிப் பார்த்தது.

"கல்யாணமா?"

"எங்க அத்தை மகதாங்க. கோயில்ல ஓலை ரெண்டு வாசிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது."

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். ஏதாவது தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். அக்னஸ் சிரிக்கப் பார்த்தாள். "யாரும் தடை சொல்லலியா?"

"சொல்றதுக்கு யாருங்க இருக்கா?"

அந்தக் கண்கள் ஒரு தரம் அவள் மேல் வந்தன. பழைய அலை இல்லை. ஆனால் கோபமும் இல்லை... அதுதான் அவளைக் குத்தியது. எப்படிக் கோபமில்லாமல் இருக்க முடியும்?

அவனே சொன்னான். "அன்னிக்கு எம்மேலதான் தப்புங்க. தோணியில நீங்க விளையாட்டா ஒரு வார்த்த சொன்னீங்க. நான்தான் அதைப் பெருசா எடுத்துக்கிட்டேன். நீங்க அதை அன்னிக்கே மறந்திருப்பீங்க. வியாழக்கிழமை நான் வந்து நின்னா மீன்னுதானே யாருக்கும் தோணும்? தெரியாம சொன்னதுக்கு நான் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போனது சரியில்ல. அதைச் சொல்லணும்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

எவ்வளவு நல்ல சாக்கு. தெருவே தந்த சாக்கு. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவன் மனசில் கடைசிவரை ஒன்றும் தெரியாத நல்ல பெண்ணாக இருந்திருக்கலாம்.

தூரத்தில் ரயில் கூவியது.

"நான் மறக்கல," என்றாள் அக்னஸ்.

அவன் திரும்பினான்.

"ஒரு வார்த்தகூட மறக்கல. வெள்ளைச் சட்டையை வாசல்ல பாத்தேன் பாருங்க... அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? உங்களைத் தவிர யாரையும் எனக்குப் பிடிச்சதில்ல. இப்பவும் இல்ல. ஆனா அடுத்த நிமிஷம் அந்தம்மா கையில போட்டோவைப் பாத்தேன். பினாங்கு சம்பந்தம் போயிடுமோன்னு பயம் வந்துச்சு. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான்... தெரிஞ்சேதான் மீன்காரர்னு சொன்னேன்."

ரயில் வந்து நின்றது. கூடைகள் இறங்கின. யாருடைய கூடையிலிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டு போனது. சவரிராயன் பொட்டலத்தை மழை படாமல் சட்டைக்குள் செருகினான். பொத்தான் போட முடியவில்லை.

"அந்த ஒரு சாக்கை வச்சுத்தான் டீச்சர், ஒரு வருஷமா உங்களை மனசுல வச்சிருந்தேன்," என்றான். "அதையும் வாங்கிக்கிட்டீங்களே."

வண்டி ஏறினான். பிளாட்பாரப் பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தது. அவன் அந்தப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேலப்புதூர்க் கோயிலில் எவருடைய ஓலையோ வாசித்தார்கள். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்லி நிறுத்தியபோது, அக்னஸ் டீச்சர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

மயக்கம் என்று தெரு சொல்லிற்று. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்க வந்த மயக்கம். பாவம் அந்தப் பொண்ணு, தெரியாம எழுந்துட்டா என்றார்கள்.